மோட்டார் சைக்கிளா, காரா? பூட்டு ஊரில் தலைக்கு மட்டும் பூட்டு இல்லை!

திண்டுக்கல்.-

"பைக் வாங்கித் தர்றீங்களா, இல்லையா?"

பிளஸ்-2 பரீட்சை முடிவு வந்த மறுநாளே திண்டுக்கல்லில் பல வீடுகளில் இந்தச் சண்டை தொடங்கிவிடும்.

மகன் சாப்பிடமாட்டான். அம்மா அழுவார். "வேணாம்யா. கார்ல போறவனுக்காவது சுத்தித் தகரம் இருக்கு. இதுல என்ன இருக்கு? விழுந்தா தார் ரோடுதானே?" என்று கெஞ்சுவார். அப்பா வாய் திறக்கமாட்டார். கார் வாங்கக் காசு இல்லை. பைக் வாங்க மனசு இல்லை.

கடைசியில் ஜெயிப்பது மகன்தான். மாதத் தவணையில் பைக் வந்துவிடும். சாவிக்குக் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவை ஒரு சுற்று சுற்றி வருவான். அன்று முதல் அம்மாவுக்கு ராத்தூக்கம் போய்விடும்.

மோட்டார் சைக்கிளா? காரா? எதில் சுகம்? எதில் ஆபத்து? மணிக்கூண்டு டீக்கடை முதல் கல்லூரி வாசல் வரை தினமும் நடக்கிற பட்டிமன்றம் இது. அதில் இரு தரப்பு நியாயமும் வருமாறு:-

காத்து மூஞ்சியில் அடிக்கும்

பைக் கட்சிக்காரர்களைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பேசுவார்கள்.

திண்டுக்கல்லில் இருந்து நத்தம் ரோட்டில் போய்ச் சிறுமலைக்குத் திரும்பினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாயும். கூடவே உடம்பும் சாயும். வெயில் குறையும். காற்றில் ஈரம் ஏறும். மலை வாழை வாசனை மூக்கில் ஏறும். கீழே திரும்பிப் பார்த்தால் ஊரும் மலைக்கோட்டையும் பொம்மை மாதிரி தெரியும்.

"இந்தச் சுகம் கண்ணாடியை ஏத்திவிட்டு ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கிறவனுக்குக் கிடைக்குமா?" என்பது அவர்கள் கேள்வி.

நியாயம்தான். காரில் போகிறவன் ஊரைப் பார்க்கிறான். பைக்கில் போகிறவன் ஊருக்குள் புகுந்து போகிறான். நிலக்கோட்டைப் பக்கம் போனால் மல்லிகை வாசனை. மழை வருவதற்கு முன்பே மண் வாசனை. எல்லாம் அவனுக்குத்தான் முதலில்.

காசு கணக்கும் பைக் பக்கம்தான். ஒரு லிட்டர் பெட்ரோலில் சாதாரண பைக் 50 கிலோ மீட்டருக்கு மேல் ஓடும். கார் அதில் பாதி ஓடினாலே பெரிய விஷயம். பஸ் நிலையம் பக்கம் காரை நிறுத்த இடம் தேடுவதற்குள் பைக்காரர் வேலையை முடித்து வீட்டுக்கே போய்விடுவார்.

பழைய ஆட்களுக்கு இன்னொரு கிறுக்கும் உண்டு. 1985-ல் வந்து 1996-ல் நின்றுபோன யமாகா ஆர்.எக்ஸ்.100 மீது இன்றும் பைத்தியமாக அலைகிறார்கள். சென்னை திருவொற்றியூரில் 1956 முதல் தயாராகத் தொடங்கிய புல்லட்டின் தடதட சத்தம் தெருமுனையில் கேட்டாலே எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு.

கிராமத்து ஜனங்களுக்கோ பைக் விளையாட்டுப் பொருள் அல்ல, வயிற்றுப் பிழைப்பு. விடியற்காலையில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி மூட்டையும், நிலக்கோட்டைக்குப் பூ மூட்டையும் ஏற்றிப் போகிற மொபெட்டுகளைப் பார்த்தால் தெரியும். மூட்டைதான் தெரியும், ஆள் தெரியமாட்டார்.

கார் கட்சி சொல்வது என்ன?

"மழை வந்தா நனையமாட்டோம். வெயில் வந்தா வாடமாட்டோம். வீட்டம்மா, குழந்தை குட்டி, மாமியார் எல்லாரும் ஒண்ணா கொடைக்கானல் போகலாம். பாட்டு கேட்கலாம். பைக்ல எதைக் கேட்கிறது? ஹாரன் சத்தத்தையா?"

இதுவும் நியாயம்தான். ஆனால் அவர்களுடைய பெரிய வாதம் வேறு. அது உயிர்.

கார் மோதினால் முதலில் நசுங்குவது முன்பக்கத் தகரம். அது நசுங்குவதற்காகவே செய்யப்பட்டது. அடியின் வேகத்தைத் தகரம் வாங்கிக்கொள்ளும். பிறகு சீட் பெல்ட் இழுத்துப் பிடிக்கும். பிறகு காற்றுப்பை விரியும். இத்தனை வாசல் தாண்டித்தான் எமன் உள்ளே வரவேண்டும்.

பைக்கில் எமனுக்கு வாசலே கிடையாது. திறந்த வீடு!

திடுக்கிடும் கணக்கு

மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட 2022-ம் ஆண்டு கணக்கைப் படித்தால் வயிறு கலங்குகிறது.

அந்த ஓர் ஆண்டில் நாடு முழுவதும் சாலை விபத்தில் செத்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அதில் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள் 74 ஆயிரத்து 897 பேர். கார், வேன் போன்ற வண்டிகளில் போனவர்கள் 21 ஆயிரத்து 40 பேர்.

தமிழ்நாட்டு நிலவரம் என்ன? விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நம் மாநிலம்தான் நாட்டிலேயே முதல் இடம். 64 ஆயிரத்து 105 விபத்துக்கள். சாவு 17 ஆயிரத்து 884. அதாவது தினமும் 49 பேர். ஒரு பஸ் நிறைய ஆட்கள் தினமும் வீடு திரும்பவில்லை!

"நாட்டுல பைக்குதானே அதிகம், அதனாலதான் சாவும் அதிகம்" என்று பைக் கட்சியினர் சொல்வார்கள். அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் ஓடுகிற தூரத்தை வைத்துக் கணக்குப் போட்ட அமெரிக்காவில், ஒரே தூரத்துக்குக் கார் பயணியைவிட மோட்டார் சைக்கிள்காரர் சாகும் வாய்ப்பு 20 மடங்குக்கும் மேல் என்று தெரிய வந்திருக்கிறது.

4-வது மாடியில் இருந்து குதிப்பது போல்

60 கிலோ மீட்டர் வேகம் என்பது நம் வாலிபர்களுக்கு ஆமை வேகம். அந்த வேகத்தில் ஒரு புளியமரத்தில் மோதினால், சுமார் 14 மீட்டர் உயரத்தில் இருந்து, அதாவது 4 மாடிக் கட்டிடத்தின் உச்சியில் இருந்து கீழே விழுவதற்குச் சமம்.

100-ல் போனால்? சுமார் 39 மீட்டர் உயரத்தில் இருந்து விழுவதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கு ஆனால் அடி நான்கு மடங்கு ஆகும். இது கணக்குப் பாடம். எந்த சாமியைக் கும்பிட்டாலும் மாறாது.

60-ல் போகும்போது ஒரே ஒரு விநாடி செல்போனைப் பார்த்தால் வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடியிருக்கும். அந்த 16 மீட்டரும் குருட்டு ஓட்டம்தான்.

பைக்குக்கு இன்னொரு கஷ்டம். அது ரோட்டைத் தொடுவது இரண்டே இடத்தில். ஒவ்வொன்றும் ஏறக்குறைய உள்ளங்கை அகலம். முன் சக்கரத்தின் அந்த உள்ளங்கை வழுக்கினால் ஆளே காலி. காரில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மூன்று பிடித்துக்கொள்ளும்.

சமவெளியில் ஒளிந்திருக்கும் எமன்

மலை ரோடுதான் ஆபத்து, சமவெளி ரோடு சுகம் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

காஷ்மீரில் இருந்து கன்னியாகுமரி போகும் 44-ம் எண் தேசிய நெடுஞ்சாலை திண்டுக்கல்லை ஒட்டித்தான் போகிறது. பளபளவென்று நான்கு வழிச்சாலை. அதில் கார்கள் அம்பு மாதிரி பறக்கும். ஆனால் பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு எதிர்ப்பக்கம் போகவேண்டும். ஒரு கிலோ மீட்டர் சுற்றிப் போகச் சோம்பல். ராங் சைடில் மொபெட்டை விடுவார். எதிரே வரும் கார்க்காரர் அந்தப் பாதையில் எதிராளி வருவார் என்று கனவிலும் நினைக்கமாட்டார்.

இன்னொன்று அறுவடைக் காலம். சோளத்தட்டையையும் கொள்ளையும் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். கார் மேலே ஏறிப் போய்விடும். கதிர் தானாக மிதிபடும். பைக் ஏறினால் வழுக்கிக்கொண்டு போகும்.

இருட்டியபிறகு பின் விளக்கு இல்லாத டிராக்டர் டிரெய்லர். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடை. திடீரென்று குறுக்கே ஓடும் ஆடு. சைடு ஸ்டாண்டை எடுக்க மறந்த அவசரம். சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் சேலை முந்தானை, சுடிதார் துப்பட்டா. இவை எல்லாம் பைக்குக்கு என்றே பிறந்த ஆபத்துக்கள். பின் சக்கரத்தில் கம்பி வலை போட்டால்தான் சேலை மாட்டாது. "அழகா இல்லை" என்று அதைக் கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு.

ஆடி மாதம் வந்தால் காற்று வேறு. 'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். லாரியை முந்திக்கொண்டு போகும்போது அதன் மறைவு தீர்ந்ததும் ஒரு காற்று அடிக்கும் பாருங்கள், பைக்கை ஓர் ஆள் தள்ளிவிட்டது போலவே இருக்கும்!

மலையிலும் சட்டம் உண்டு. ஏறி வரும் வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று என்ஜினை அணைத்து நியூட்ரலில் இறங்குவது தற்கொலைக்குச் சமம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். ஏறின கியரிலேயே இறங்கவேண்டும் என்பது பழைய டிரைவர்கள் பாடம்.

காரில் போனால் உயிர் கெட்டியா?

அப்படியும் சொல்லிவிட முடியாது.

பெரிய தொழில் அதிபரும் டாட்டா சன்ஸ் முன்னாள் தலைவருமான சைரஸ் மிஸ்திரி 2022-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி மராட்டிய மாநிலம் பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தார். அவர் வந்தது உலகப் புகழ் பெற்ற வெளிநாட்டுக் கம்பெனி கார். பின் சீட்டில் இருந்த அவர் பெல்ட் போடவில்லை என்று போலீசார் தெரிவித்தனர்.

அதே 2022-ல் சீட் பெல்ட் போடாமல் செத்தவர்கள் நாட்டில் 16 ஆயிரத்து 715 பேர். அதில் சரிபாதி, 8 ஆயிரத்து 331 பேர், வண்டி ஓட்டாமல் சும்மா உட்கார்ந்து வந்தவர்கள்.

காருக்கு ஒரு மாயம் உண்டு. 100-ல் போனாலும் உள்ளே 50-ல் போவதுபோல்தான் இருக்கும். பைக்கில் காற்று அறைந்து அறைந்து வேகத்தைச் சொல்லும். கார் அதை மறைத்துவிடும். விடியற்காலை 3 மணிக்கு ஏ.சி. குளிரில் கண் சொக்கினால், ரோட்டோரம் சுவர் இல்லாத கிணறு வாய் திறந்து காத்திருக்கும்.

இன்னொரு பாவமும் காருக்கு உண்டு. பைக்காரர் தப்பு செய்தால் பெரும்பாலும் சாவது அவரே. கார்க்காரர் தப்பு செய்தால் சாவது அடுத்தவர். 2022-ல் நடந்து போனவர்கள் மட்டும் 32 ஆயிரத்து 825 பேர் செத்திருக்கிறார்கள். தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்குப் பாதயாத்திரை போகிற பக்தர்களை ராத்திரியில் பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

லாரன்சின் சாவு கொடுத்த ஹெல்மெட்

ஹெல்மெட் வந்த கதை சுவாரசியமானது.

'அரேபியாவின் லாரன்ஸ்' என்று பேர் பெற்ற டி.ஈ.லாரன்ஸ் போர்க்களத்தில் எத்தனையோ குண்டுகளுக்குத் தப்பியவர். மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். 1935-ம் ஆண்டு மே 13-ந் தேதி இங்கிலாந்தில் தன் வீட்டருகே பைக்கில் வேகமாக வந்தபோது எதிர்பாராமல் சைக்கிளில் இரண்டு பையன்கள் தெரிந்தனர். அவர்கள் மேல் மோதாமல் இருக்கத் திருப்பினார். தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. 6 நாள் நினைவு திரும்பாமலே இறந்தார். வயது 46.

அவருக்குச் சிகிச்சை செய்த டாக்டர்களில் ஒருவர் மூளை ஆபரேஷன் நிபுணர் ஹியூ கெய்ர்ன்ஸ். "இந்த மாதிரி சாவைத் தடுக்க முடியாதா?" என்று ஆராய்ச்சியில் இறங்கினார். ராணுவ மோட்டார் சைக்கிள் வீரர்களின் தலைக்காயங்களைப் பரிசோதித்து 1941-ல் முடிவை வெளியிட்டார். அதன் பிறகே பிரிட்டிஷ் ராணுவத்தில் ஹெல்மெட் கட்டாயம் ஆனது. பொதுமக்களுக்கு அங்கே சட்டம் வந்தது 1973-ல்.

இன்று உலக ஆராய்ச்சிகள் சொல்லும் கணக்கு: ஹெல்மெட் போட்டால் சாவு ஆபத்து சுமார் 42 சதவீதமும், தலைக்காயம் சுமார் 69 சதவீதமும் குறைகிறது.

நம் நாட்டில்? 2022-ல் ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50 ஆயிரத்து 29 பேர். அதில் 14 ஆயிரத்து 337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். பெண்டாட்டி பிள்ளைகள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் வருவார்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கினால்...

யூடியூப்பில் லட்சக்கணக்கான ரசிகர்களைக் கொண்ட டி.டி.எப்.வாசன் 2023-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி காஞ்சீபுரம் அருகே நெடுஞ்சாலையில் பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்கியபோது வண்டி கவிழ்ந்து தூக்கி வீசப்பட்டார். கை எலும்பு முறிந்தது. போலீசார் கைது செய்தனர். அவருடைய லைசென்ஸ் 10 ஆண்டுகளுக்கு ரத்து ஆனது.

அந்தக் காட்சியைச் செல்போனில் பார்த்த வாலிபர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. அவர் உடம்பு முழுவதும் விலை உயர்ந்த பாதுகாப்பு உடை போட்டிருந்தார். உயிர் பிழைத்தார். அவரைப் பார்த்து பைபாசில் சக்கரம் தூக்குகிற பையன் போட்டிருப்பது அரைக்கை சட்டையும் ரப்பர் செருப்பும்தான்!

வேகம்தான் வேண்டும் என்றால் அதற்கு இடம் இருக்கிறது. கோவையில் கரி மோட்டார் ஸ்பீடுவே இருக்கிறது. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் பந்தய மைதானம் இருக்கிறது. அங்கே எதிரே லாரி வராது. ஆடு வராது. ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும்.

பெற்றோர்களே உஷார்!

"எக்ஸ்.எல். மொபெட்தானே, பத்தாவது படிக்கிற பையன் ஓட்டட்டும்" என்று பலர் நினைக்கிறார்கள். இது தப்பு.

16 வயதில் லைசென்ஸ் தருவது கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மேற்படாத வண்டிக்கு மட்டுமே. இப்போது வரும் எக்ஸ்.எல். 100 ஏறக்குறைய 100 சி.சி. அதற்கு 18 வயது ஆகவேண்டும்.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு அல்லது வண்டிச் சொந்தக்காரருக்கு 3 ஆண்டு வரை ஜெயில், 25 ஆயிரம் ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு ஓர் ஆண்டுக்கு ரத்து. அந்தப் பையனுக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டி இறந்தால் இன்சூரன்சில் வண்டிச் சொந்தக்காரருக்கு உள்ள 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கைக்கு வராது. உயிரும் போய், பணமும் போய், தவணை மட்டும் மிச்சம் நிற்கும்.

4 பேர், ஒரு பைக்

அப்பா ஓட்டுவார். பெட்ரோல் டேங்க் மேல் சின்னப் பிள்ளை. பின்னால் அம்மா. நடுவில் பெரிய பிள்ளை. முகூர்த்த நாளில் எந்த ரோட்டில் பார்த்தாலும் இந்தக் காட்சிதான். பைக்கில் ஓட்டுகிறவரோடு ஒருவர்தான் போகலாம் என்பது சட்டம்.

மழையில் இப்படி ஒரு குடும்பம் ஸ்கூட்டரில் போவதைப் பார்த்த ரத்தன் டாட்டாவுக்கு மனசு கேட்கவில்லை. அதில் இருந்துதான் 1 லட்சம் ரூபாய் கார் யோசனை பிறந்ததாக அவரே சொன்னார். 'நானோ' கார் 2009-ல் விற்பனைக்கு வந்தது. 'மலிவுக் கார்' என்ற பெயரே அதற்கு எமன் ஆனது. 2018-ல் தயாரிப்பு நின்றது. அந்தக் குடும்பம் மட்டும் இன்னும் பைக்கிலேயே போய்க்கொண்டு இருக்கிறது.

அதனால் "கார்தான் பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டுப் போவது பணக்காரப் பேச்சு. பைக்தான் விதி என்றால், விதியைக் கொஞ்சம் மதியால் வெல்லவேண்டும்.

* ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கும், பின்னால் இருப்பவருக்கும் வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை பார்த்து வாங்கவேண்டும். போடாமல் பிடிபட்டால் அபராதம் 1,000 ரூபாய்.

* வண்டியை நிறுத்தும் சக்தி அதிகம் இருப்பது முன் பிரேக்கில்தான். கால் பிரேக்கை மட்டும் மிதிப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துப் பழகவேண்டும். 2019-ம் ஆண்டு ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாத ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயம்.

* காரில் பின் சீட்டிலும் பெல்ட் போடவேண்டும். பெல்ட் போடாமல் காற்றுப்பையை மட்டும் நம்பினால் அந்தப் பையே முகத்தில் அறையும்.

அடிபட்டவரைப் பார்த்தால்...

முதல் ஒரு மணி நேரம்தான் உயிருக்கு விலை. 108-க்குப் போன் செய்யுங்கள்.

"கேஸ்ல மாட்டிக்குவோம்" என்று பயப்பட வேண்டாம். உதவி செய்தவரை வற்புறுத்தி சாட்சிக்கு இழுக்கக்கூடாது, பெயர் சொல்லக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று சட்டமே பாதுகாப்புத் தருகிறது.

தமிழக அரசு 2021-ம் ஆண்டு டிசம்பர் 18-ந் தேதி தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வெளி மாநிலத்துக்காரர் ஆனாலும் சரி, காப்பீட்டு அட்டை இல்லாவிட்டாலும் சரி. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டுவிட்டது.

பூட்டு போட்டாச்சா?

திண்டுக்கல் என்றால் பூட்டு. 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்த பெருமை அதற்கு உண்டு. இந்த ஊர்க்காரர் கடையைச் சாத்தினால் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பார். பீரோவுக்குப் பூட்டு. பைக்குக்கும் சங்கிலி போட்டுப் பூட்டு.

ஆனால் அந்த பைக்கில் ஏறும்போது ஹெல்மெட் எங்கே இருக்கிறது? கண்ணாடியில் தொங்குகிறது. இல்லாவிட்டால் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கிறது. போலீசைப் பார்த்ததும் தலைக்கு ஏறும். ஏறினாலும் தாடைப் பட்டை மாட்டப்படாது. மாட்டாத ஹெல்மெட் விழும்போது ஆளுக்கு முன்னால் அதுதான் பறக்கும்.

பிளஸ்-2 பையனின் அம்மா இன்றைக்கும் வாசலில் நிற்பார். பைக் சத்தம் தெருமுனையில் கேட்கும்வரை உள்ளே போகமாட்டார். மகனிடம் வேகம் எத்தனை, மைலேஜ் எத்தனை என்று அவர் கேட்பது இல்லை.

"தலையில மாட்டிட்டியாய்யா?" என்பது மட்டும்தான்.

தாடைக்குக் கீழே 'டிக்' என்று ஒரு சத்தம். பூட்டு விழும் அதே சத்தம்தான். அதைக் கேட்டபிறகுதான் அந்தத் தாய்க்கு மூச்சு வருகிறது!